நாற்பத்தொரு இரவுகள், நான்கு இருக்கைகள்

சென்ற ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 4.40 மணிக்கு, அலுவலக வாகன நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்தபடி, அன்றிரவு 7 மணிக்குச் சான் ஃபிரான்சிஸ்கோவின் சேஸ் சென்டர் அரங்கில் தொடங்கவிருந்த கூடைப்பந்து ஆட்டத்தின் இரண்டு டிக்கெட்டுகளுக்கு மூன்றாவது முறையாக விலையைக் குறைத்துக்கொண்டிருந்தேன். அவற்றின் அடக்கவிலை தலா 72 டாலர். காலையில் 60 என்று போட்டிருந்தேன், மதியம் 52, மூன்று மணிக்கு 45, இப்போது 39. கைபேசியில் மறுவிற்பனைத் தளத்துக்குப் போய், அரங்கில் எங்கள் இருக்கைகள் உள்ள பகுதியின் வரைபடத்தைத் திறந்தால், காலையில் பதினோரு ஜோடி இருக்கைகள் விற்பனைக்கு இருந்தன; மாலையில் அது பத்தொன்பதாகியிருந்தது. எதிரணி தரவரிசையின் அடியில் கிடந்தது. மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளி. வெளியே நல்ல மழை.

சீசன் டிக்கெட், அதாவது ஓர் அணி ஒரு சீசனில் சொந்த அரங்கில் ஆடும் எல்லா ஆட்டங்களுக்குமான டிக்கெட்டுகளை ஒரே கட்டாக, வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, போட்ட பணம் திரும்ப வருமா என்பதுதான். அந்தக் கேள்வியிலிருந்து விற்பனை விலையைத் தொடங்கக் கூடாது என்பது எனக்குப் புரியவே பல ஆண்டுகள் பிடித்தன. நான் கொடுத்த 72 டாலர் எனக்கும் அணிக்கும் இடையே முடிந்துபோன கணக்கு. வாங்க வருகிறவருக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அதே பகுதியில், அதே மாலையில், எனக்கு இரண்டு வரிசை தள்ளி இருக்கை வைத்திருப்பவர் எந்த விலைக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கிறாரோ, அந்த விலையே என் டிக்கெட்டின் விலையும் ஆகிறது.

நாங்கள் நான்கு குடும்பங்கள் சேர்ந்து 2013ஆம் ஆண்டிலிருந்து கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் சீசன் டிக்கெட்டைப் பகிர்ந்துகொள்கிறோம். இரண்டு தமிழ்க் குடும்பங்கள், ஒரு தெலுங்குக் குடும்பம், என்னோடு வேலை பார்க்கும் பிலிப்பினோ நண்பர் ஒருவரின் குடும்பம். மேல்தளத்தில் அடுத்தடுத்து நான்கு இருக்கைகள். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவில் ஓர் அணி ஆடும் 82 ஆட்டங்களில் பாதி, அதாவது 41, சொந்த அரங்கில் நடக்கின்றன. அவற்றோடு சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் சிலவும் தலையில் கட்டப்படும். ஆகஸ்ட் மாதத்தில் ஆட்ட அட்டவணை வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டிலாவது கூடி, சீட்டுக் குலுக்கிப் போட்டு, வரிசைமுறையில் ஆளுக்கொன்றாக ஆட்டங்களைத் தேர்ந்தெடுப்போம். லேக்கர்ஸ், செல்டிக்ஸ் ஆகிய புகழ்பெற்ற அணிகளோடு நடப்பவை, கிறிஸ்துமஸ் நாள் ஆட்டம் என்று நல்லவை முதல் இரண்டு சுற்றுகளில் போய்விடும். கடைசிச் சுற்றுகளில் எஞ்சுபவை ஜனவரி, பிப்ரவரி மாதத்துச் செவ்வாய், புதன் ஆட்டங்கள். போக முடியாதவற்றை விற்றுத் தரும் பொறுப்பை ஆரம்பத்திலேயே நான் எடுத்துக்கொண்டேன்.

அணி ஏன் 41 ஆட்டங்களையும் ஒரே கட்டாக விற்கிறது என்பதை யோசித்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். யாரும் தனியாக விரும்பி வாங்காத செவ்வாய்க்கிழமை ஆட்டத்தை, எல்லாரும் விரும்பும் சனிக்கிழமை ஆட்டத்தோடு சேர்த்துக் கட்டினால்தான் இரண்டும் விலைபோகும். சீசன் தொடங்குவதற்கு முன்பே பணமும் கைக்கு வந்துவிடும். அணி தோற்றால், நட்சத்திர வீரருக்குக் காயம் பட்டால், மழை பெய்தால் வரக்கூடிய இழப்பு முழுவதும் டிக்கெட் வாங்கியவரின் தோளுக்கு மாறிவிடுகிறது. அணி எங்களுக்கு விற்பது நாற்காலியோடு சேர்த்து அந்த இழப்பு அபாயத்தையும்தான் என்று நான் நினைக்கிறேன். மறுவிற்பனை என்பது அந்த அபாயத்தில் ஒரு பகுதியை இன்னொருவருக்குக் கைமாற்றும் வழி.

டிக்கெட்டில் அச்சாகும் விலையும் நிலையான ஒன்றல்ல. பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் ஓர் இருக்கைக்கு எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே விலை இருந்தது. அதை மாற்றியதில் எங்கள் ஊருக்கே முக்கியப் பங்கு உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணி 2009இல் சுமார் 2,000 இருக்கைகளில் ஆட்டத்துக்கு ஆட்டம் விலையை மாற்றிப் பரிசோதித்து, 2010இல் அதை அரங்கம் முழுவதற்கும் விரித்தது. எதிரணி யார், என்ன கிழமை, யார் பந்து வீசுகிறார் என்பதையெல்லாம் கணக்கில் எடுத்து விலை நாளுக்கு நாள் மாறியது. கூடைப்பந்து அணிகளும் விரைவில் அந்த வழிக்கு வந்தன. மறுவிற்பனைத் தளங்களில் ரசிகர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்ட விலைகளைப் பார்த்துத்தான் அணிகள் தங்கள் ஆட்டங்களின் உண்மையான மதிப்பைக் கற்றுக்கொண்டன என்பது என் எண்ணம். இப்போது எங்கள் சீசன் கணக்கிலும் மொத்தத் தொகை 41ஆல் சமமாக வகுக்கப்படுவதில்லை. செல்டிக்ஸ் ஆட்டத்துக்கு ஒரு தொகை, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வேறொரு தொகை. ஆகவே அடக்கவிலை என்று நாங்கள் சொல்வதும் அணி முன்கூட்டியே செய்த ஒரு மதிப்பீடு மட்டுமே.

சரி, விலை எப்படி அமைகிறது? வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது, அன்று அரங்குக்குள் நுழைய ஆகும் மிகக் குறைந்த தொகை எவ்வளவு என்பதை. மேல்தளத்தின் கடைசி வரிசையில், கூடைக்குப் பின்புறம் இருக்கும் இருக்கையின் விலை அது. மற்ற எல்லா விலைகளும் அதன்மேல் அடுக்கப்படுகின்றன. நடுக்கோட்டுக்கு நேராக இருந்தால் இவ்வளவு கூடுதல், வரிசை இறங்க இறங்க இவ்வளவு, நடைபாதை ஓரம் என்றால் இன்னும் கொஞ்சம். ஜோடியாக இருப்பவை விரைவில் போகும். நான்கு சேர்ந்தாற்போல் கிடைத்தால் குடும்பங்கள் சற்றுக் கூடவே கொடுக்கும். ஒற்றை டிக்கெட்டை வாங்க ஆளிருக்காது. நான்கில் மூன்றை விற்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தவித்த அனுபவம் எனக்கு உண்டு. அதனால் இப்போது இரண்டிரண்டாக மட்டுமே வாங்கலாம் என்று தளத்தில் குறித்துவிடுகிறேன்.

நான் எப்போதும் பார்ப்பது என் பகுதியையும் அதன் இருபுறமுள்ள பகுதிகளையும். அவற்றில் உள்ள மிகக் குறைந்த மூன்று விலைகளே எனக்கு வேண்டியவை. மேலே நிற்கும் பெரிய விலைகளைப் பார்த்து மகிழ்வதில் பொருளில்லை. அவை கேட்கும் விலைகள், விற்ற விலைகள் அல்ல. இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். நான் 45 என்று மாற்றிய சில நிமிடங்களில் பக்கத்துப் பகுதியில் ஒரு ஜோடி 44க்கு இறங்கும். நான் 43 என்றால் அது 42 ஆகும். மறுமுனையில் மனிதர் யாரும் இல்லை. நூற்றுக்கணக்கான டிக்கெட்டுகளை வைத்திருக்கும் தரகர்கள், சுற்றுப்புற விலைக்கு ஒரு டாலர் கீழே நிற்கும்படி மென்பொருளுக்குக் கட்டளை கொடுத்துவிடுகிறார்கள். அதோடு போட்டிக்கு நின்றால் இரு தரப்புக்கும் இழப்பு. அப்படி ஒரு ஜோடி கண்ணில் பட்டால் நான் விலையை அசைக்காமல் விட்டுவிடுவேன். பெரும்பாலும் அந்த ஜோடி முதலில் விற்றுப்போகும், அதன்பின் என் முறை வரும்.

எல்லாவற்றையும்விடக் கடிகாரமே பெரிய சக்தி. முகூர்த்த நாளில் பூ விலை ஏறுவதும், அன்று மாலைக்குள் விற்காத மல்லிகை மதிப்பிழப்பதும் நம் எல்லாருக்கும் தெரிந்ததே. டிக்கெட்டும் அப்படித்தான். முதல் கால்பகுதி முடிந்துவிட்டால் அதற்கு விலையே கிடையாது. ஆகையால் சாதாரண ஆட்டங்களுக்கு விலை ஆட்டநாளை நோக்கி மெல்லச் சரிந்து, கடைசி நான்கு மணி நேரத்தில் செங்குத்தாக விழுகிறது. மாதக்கணக்கில் முன்பே வாங்குகிறவர் அதிகம் கொடுப்பது வெளியூரிலிருந்து விமானம், விடுதி எல்லாம் ஏற்பாடு செய்துகொண்டு வருவதால். கடைசி நேரத்தில் வாங்குகிறவர் உள்ளூர்க்காரர், அவரால் காத்திருக்க முடியும். பெரிய ஆட்டங்களில் மட்டும் இந்தச் சரிவு தலைகீழாகலாம், ஏனென்றால் கையில் டிக்கெட் வைத்திருப்பவர்கள் விற்காமல் தாங்களே போய்விடுகிறார்கள்.

இதை நாங்கள் வாழ்நாளில் மறக்க முடியாதபடி கற்றுக்கொண்டது 2016 ஏப்ரலில். அப்போது அணி ஓக்லாந்தின் ஆரக்கிள் அரீனாவில் ஆடிக்கொண்டிருந்தது. 1995-96 சீசனில் சிகாகோ புல்ஸ் பெற்ற 72 வெற்றிகள் என்ற சாதனையை வாரியர்ஸ் எட்டிப்பிடிக்கும் போலிருந்தது. ஆனால் ஏப்ரல் 1ஆம் தேதி செல்டிக்ஸிடமும், 5ஆம் தேதி மினசோட்டா அணியிடமும் சொந்த அரங்கிலேயே தோற்றார்கள். 69 வெற்றிகள், 9 தோல்விகள், எஞ்சியவை நான்கே ஆட்டங்கள். சாதனையை முறியடிக்க நான்கிலும் வெல்ல வேண்டும்; அவற்றில் இரண்டு சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியோடு, அதிலும் ஒன்று ஸ்பர்ஸின் சொந்த ஊரில். அந்த வாரத்தில் ஏப்ரல் 13ஆம் தேதிக் கடைசி ஆட்டத்தின் டிக்கெட்டுகள் எங்களில் ஒரு குடும்பத்திடம் இருந்தன. 6ஆம் தேதி காலையில் அவர்கள் என்னை அழைத்து, இனி அந்த ஆட்டத்துக்கு மதிப்பிருக்காது, வந்த விலைக்கு விற்றுவிடுங்கள் என்றார்கள். நானும் அதையே நினைத்தேன். மதியத்துக்குள் நான்கும் விற்றுப்போயின.

7ஆம் தேதி ஸ்பர்ஸை வென்றார்கள். 9ஆம் தேதி மெம்ஃபிஸ் நகரில் 100க்கு 99 என்ற கணக்கில், ஒரே ஒரு புள்ளியில் தப்பினார்கள். 10ஆம் தேதி சான் அன்டோனியோவில் வென்று 72ஐத் தொட்டார்கள். மூன்று நாள் கழித்து ஓக்லாந்தில் நடக்கவிருந்த கடைசி ஆட்டம் சரித்திரமாகிவிட்டது. அன்றிரவு அணியின் நட்சத்திர வீரர் ஸ்டெஃபன் கரி 46 புள்ளிகள் எடுத்து, ஒரே சீசனில் 402 மூன்று புள்ளி வீச்சுகள் என்ற எண்ணை எட்டினார். அணி 73ஆவது வெற்றியைப் பெற்றது. நாங்கள் விற்ற விலையைப் பற்றி அந்தக் குடும்பம் இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. ஆனாலும் எனக்கு அது மனத்தில் நிற்கிறது. பணத்தைவிட, அந்த நான்கு இருக்கைகளில் அவர்கள் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க வேண்டியது என்ற எண்ணமே.

அதே ஏப்ரல் 13ஆம் தேதி இரவு, லாஸ் ஏஞ்சலிஸின் ஸ்டேபிள்ஸ் சென்டரில் லேக்கர்ஸ் நட்சத்திரம் கோபி பிரயன்ட் தம் கடைசி ஆட்டத்தை ஆடி, யூட்டா ஜாஸ் அணிக்கு எதிராக 60 புள்ளிகள் எடுத்தார். லேக்கர்ஸ் அந்த சீசனில் 65 ஆட்டங்களில் தோற்ற அணி. தரவரிசையை மட்டும் பார்த்தால் அந்த டிக்கெட்டுக்கு மதிப்பே இருந்திருக்கக் கூடாது. ஆனால் பிரயன்ட் ஓய்வுபெறப் போவதை 2015 நவம்பர் 29ஆம் தேதியே அறிவித்திருந்தார். நான்கரை மாதங்களாக எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் அங்கே மதிப்பு முன்பே விலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஓக்லாந்திலோ மதிப்பு மூன்று ஆட்டங்களின் முடிவில் தொங்கிக்கொண்டிருந்தது. முன்கூட்டியே தெரிந்த அரிய நிகழ்வையும், நடந்தால்தான் தெரியும் அரிய நிகழ்வையும் சந்தை வெவ்வேறு விதமாகவே மதிக்கிறது. இரண்டாவது வகையில் விற்பவர் உண்மையில் விற்பது ஒரு வாய்ப்பை. அதை வேண்டாம் என்று தள்ளும் முன் நிதானமாக யோசிக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் அடி வாங்கியிருக்கிறோம். 2019இல் அணி சேஸ் சென்டருக்கு மாறியபோது, சீசன் டிக்கெட் வேண்டுமென்றால் டிக்கெட் விலை போக ஒரு முறை உறுப்பினர் கட்டணம் கட்ட வேண்டும் என்றார்கள். அந்தத் தொகை முப்பது ஆண்டுகளுக்குப் பின் வட்டியில்லாமல் திருப்பித் தரப்படும். அரங்கமும் சிறிதாயிற்று, ஆரக்கிளில் 19,596 இருக்கைகள், இங்கே 18,064. இருக்கை குறைந்தால் விலை ஏறும் என்று நாங்கள் நால்வரும் கணக்குப் போட்டுக் கட்டினோம். ஆனால் அணியின் நட்சத்திரங்களில் ஒருவரான கெவின் டுரான்ட் புரூக்ளின் அணிக்குப் போய்விட்டார். இன்னொருவரான கிளே தாம்ப்சன் முழங்கால் காயத்தால் ஆட முடியாத நிலையில் இருந்தார். அக்டோபர் 30ஆம் தேதி, புதிய அரங்கில் நடந்த இரண்டாவது சீசன் ஆட்டத்திலேயே கரியின் கை எலும்பு முறிந்தது. கட்டியாகிவிட்ட டிக்கெட்டுகளில் 39 இரவுகள் மிச்சம். அணி அந்த சீசனை 15 வெற்றி, 50 தோல்வியோடு என்பிஏவின் கடைசி இடத்தில் முடித்தது. இருக்கைகள் 1,500 குறைந்ததால் வந்திருக்க வேண்டிய விலையேற்றம் ஒரு மனிதரின் கை எலும்புக்கு முன் நிற்கவில்லை. அன்றிலிருந்து நான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும், பொதுவாக முந்தைய நாள் மாலை 5 மணிக்குள், அணிகள் வெளியிட வேண்டிய காயப் பட்டியலைத் தவறாமல் பார்க்கிறேன். கரியின் பெயருக்கு எதிரே ‘சந்தேகம்’ என்ற சொல் வந்தாலே பத்து நிமிடத்துக்குள் விற்பனைக்கு வரும் ஜோடிகளின் எண்ணிக்கை கூடுவதைக் கண்ணால் காணலாம்.

விற்கும் இடம் எது என்பதும் விலையைத் தொடும். ஓர் அணியின் டிக்கெட்டை எங்கே மறுவிற்பனை செய்யலாம் என்பதை அணி தீர்மானிக்கலாமா என்ற வழக்கே எங்கள் அணியைச் சுற்றி நடந்தது. 2015 மார்ச்சில் மறுவிற்பனைத் தளம் நடத்தும் ஸ்டப்ஹப் நிறுவனம், ரசிகர்களை டிக்கெட் விற்பனை நிறுவனமான டிக்கெட்மாஸ்டர் வழியாக மட்டுமே விற்கும்படி கட்டாயப்படுத்துவதாக வாரியர்ஸ் மீதும் டிக்கெட்மாஸ்டர் மீதும் வழக்குத் தொடுத்தது. அந்த ஆண்டு நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அரங்க வாசலில் நின்று விற்பதும் எளிதல்ல. மறுவிற்பனைக்கென்றே வாங்கிய டிக்கெட்டை, அரங்க உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி அரங்க வளாகத்துக்குள் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது கலிஃபோர்னியாவில் குற்றம்.

தளங்கள் எடுக்கும் கட்டணத்தைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் தேர்வு இருந்ததால் நான்கில் இரண்டு இருக்கைகளை மட்டும் விற்றுவிட்டு, நானும் மனைவியும் போயிருந்தோம். பக்கத்து இருக்கைகளுக்கு ஒரு தந்தையும், பத்து வயது மதிக்கத்தக்க மகளும் வந்தார்கள். ஸ்டாக்டனிலிருந்து இரண்டு மணி நேரம் காரோட்டி வந்திருந்தார்கள். அந்தப் பெண் கரியின் 30 என்ற எண் போட்ட நீலச் சட்டையை, தன் அளவுக்கு மிகப் பெரியதை, முழங்கால்வரை தொங்கவிட்டிருந்தாள். பேச்சுவாக்கில் டிக்கெட் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். தலா 117 டாலர் என்றார் அவர். நான் போட்டிருந்த விலை 90. என் கைக்கு வரவிருந்தது 81. ஒரே நாற்காலிக்கு அவர் கொடுத்ததற்கும் நான் பெற்றதற்கும் நடுவே 36 டாலர். இருபுறமும் கட்டணம் எடுத்திருந்தார்கள். அவர் பார்த்த பட்டியலில் முதலில் 90 என்றுதான் இருந்ததாம். கடன் அட்டை எண்ணைக் கொடுக்கும் கடைசிப் பக்கத்தில்தான் 117 ஆகியிருக்கிறது. நானே அவர் முகத்துக்கு நேராகக் கூடுதலாகக் கேட்டு வாங்கியதுபோல் எனக்கு அன்று ஆட்டம் முழுவதும் உறுத்திக்கொண்டிருந்தது.

கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1ஆம் தேதி முதலும், நாடு முழுவதும் 2025 மே 12ஆம் தேதி முதலும், கட்டாயக் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த மொத்த விலையையே முதலில் காட்ட வேண்டும் என்று விதி வந்திருப்பதை நான் மனமார வரவேற்கிறேன். கட்டணம் குறைந்துவிடவில்லை. ஆனால் இரண்டு தளங்களை ஒப்பிடும்போது வாங்குகிறவர் இப்போது உண்மையான எண்களை ஒப்பிடுகிறார். விற்பவரும் மாறிக்கொள்ள வேண்டும்: 90 என்று போட்டால் அவர் கண்ணுக்கு 117 தெரிகிறது என்பதை நினைவில் வைத்துத்தான் இனி விலை வைக்க வேண்டும்.

வருமான வரியைப் பற்றி ஒரு வரி சொல்லியாக வேண்டும். தனிப்பட்ட உபயோகத்துக்கு வாங்கிய டிக்கெட்டை லாபத்துக்கு விற்றால் அந்த லாபத்துக்கு வரி உண்டு, இழப்புக்கு விற்றால் அந்த இழப்பைக் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே ஒவ்வொரு ஆட்டத்தின் அடக்கவிலையையும் விற்ற தொகையையும் எழுதி வைப்பது நல்லது.

பன்னிரண்டு ஆண்டுக் கணக்கைப் புரட்டினால், எங்கள் சீசனைத் தாங்குபவை எட்டு அல்லது ஒன்பது ஆட்டங்களே. அவற்றில் இரண்டு மூன்றை விற்றாலே பத்துப் பன்னிரண்டு செவ்வாய்க்கிழமைகளின் இழப்பு சரியாகிவிடும். ஆனால் அந்த ஆட்டங்களைத்தான் நாங்களும் பார்க்க விரும்புகிறோம். அதனால் ஒவ்வொரு குடும்பமும் தனக்குக் கிடைத்த நல்ல ஆட்டங்களில் ஒன்றை மட்டும் பொதுவில் விற்று, அந்தப் பணத்தால் எல்லாருடைய இழப்பையும் ஈடுகட்டுவது என்று 2020க்குப் பின் ஏற்பாடு செய்துகொண்டோம். இந்த ஆண்டு எங்கள் முறையில் விற்கப்பட்டது லேக்கர்ஸ் ஆட்டம். அந்த அணியின் மூத்த நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் இந்த ஊருக்கு இன்னும் எத்தனை முறை ஆட வருவார் என்று தெரியாத நிலையில் அதை விற்பதற்கு என் மகன் ஒப்புக்கொள்ள மூன்று நாள் ஆயிற்று.

அந்தச் செவ்வாய்க்கிழமை 39 டாலரிலும் யாரும் வாங்கவில்லை. 5.30 மணிக்கு 34 ஆக்கினேன். 5.52க்கு, நெடுஞ்சாலை நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது, விற்றுவிட்டதாகக் கைபேசி ஒலித்தது. வீட்டுக்கு வந்து காரை நிறுத்திய பின் பழக்கத்தில் வரைபடத்தை மறுபடி திறந்து பார்த்தேன். எங்கள் பகுதியில் இன்னும் பதினான்கு ஜோடிகள் நின்றன. எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது 33. ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கையில் அது 19.